ரெண்டு பாட்டில், 25 யூரோ: பெரியப்பா வச்ச பரீட்சை

பிரான்ஸ்ல ஒயின் தேடிச் சுத்திட்டு ஊருக்குத் திரும்பி பத்து நாள் ஆகுது, இன்னும் ராத்திரி ரெண்டு மூணு மணி வரைக்கும் தூக்கம் வர மாட்டேங்குது. சும்மா படுத்துக்கிட்டு மொபைல நோண்டுறதுக்கு, கார்ல போகும்போது நோட்டுல கிறுக்கி வச்சத ஒழுங்கா டைப் பண்ணலாம்னு உக்காந்தேன். விசா, பிளைட் கதையெல்லாம் இதுல கிடையாது, அதெல்லாம் ஒழுங்காவே நடந்துச்சு. ஒழுங்கா நடக்காதது மட்டும் தான் இருக்கு.

செப்டம்பர் 18, 2024, புதன் – பாண்டிச்சேரி

கிளம்புறதுக்கு முந்தின நாள் பெரியப்பா வீட்டுக்கு சொல்லிட்டு வரப் போனேன். பெரியப்பா சொல்தா. பாண்டிக்காரங்களுக்கு இந்த வார்த்தைய விளக்க வேண்டாம், மத்தவங்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்துல வேலை பாத்து பென்ஷன் வாங்குறவங்கள இங்க அப்படித்தான் சொல்லுவோம். வயசு 79. மத்தியானம் சாப்பாட்டோட ஒரு சின்ன கிளாஸ் ஒயின், ஒரே கிளாஸ், அதுக்கு மேல கெஞ்சினாலும் தொட மாட்டார்.

என்ன வாங்கிட்டு வரட்டும்னு கேட்டதுக்கு, "சென்ட்டு, சாக்லேட்டுலாம் ஒண்ணும் வேணாம். ரெண்டு பாட்டில் கொண்டா. ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. ரெண்டும் சேத்து 25 யூரோ தாண்டக் கூடாது. அறுபது யூரோ குடுத்தா எந்தக் கழுதையும் நல்லது வாங்கிடும்"னார். ரெண்டு பாட்டில்ங்கிறதுக்கும் காரணம் இருக்கு, நம்ம கஸ்டம்ஸ்ல ஒரு ஆளுக்கு 2 லிட்டர் தான் வரியில்லாம விடுவாங்க. அதுக்கு மேல போனா 150 சதவீதம் தீட்டிடுவான்.

ஒரு துப்பு குடுங்க பெரியப்பான்னு கேட்டேன். "பேரு பெத்த ஊர்ல வாங்காத, அதுக்குப் பக்கத்து ஊர்ல வாங்கு. உன் அம்மா கல்யாணத்துக்கு காஞ்சிபுரத்துலயா பட்டு எடுத்தோம்? ஆரணியில எடுத்தோம். எவனாவது கண்டுபுடிச்சானா?"

உள்ள ரூம்ல இருந்து அம்மா எட்டிப் பாத்தாங்க. எங்க அம்மாவுக்கு நான் ஒயின் குடிப்பேன்னு தெரியாது. தெரிஞ்சே தெரியாத மாதிரி இருக்காங்களான்னு எனக்குத் தெரியாது. அதனால பேச்ச சட்டுனு சீரியலுக்கு மாத்திட்டோம்.

செப்டம்பர் 20, வெள்ளி – சார்செல்

பெரியப்பா பையன், எங்க அண்ணன், பாரிஸுக்கு வடக்க சார்செல்ல இருக்கார். அங்க ஒரு தெருவுக்குள்ள நுழைஞ்சா நாலு வீட்டுக்கு ஒரு வீட்ல குழம்பு வாசனை வருது, பாண்டிக்காரங்க அவ்ளோ பேர். அண்ணன் ஒரு சொட்டு தொட மாட்டார், சொல்தா வீட்ல பொறந்து ஆரஞ்சினா குடிச்சே வளந்தவர். நமக்கு அது வசதி தான், கார் ஓட்ட ஆள் கிடைச்சாச்சு.

சாயங்காலம் பால் வாங்கப் போன சூப்பர் மார்க்கெட்ல பாதிக் கடைய ஒயினுக்கு ஒதுக்கி வச்சிருந்தாங்க. செப்டம்பர்ல எல்லா பெரிய கடையிலயும் ஒயின் திருவிழா போடுவாங்களாம், நம்ம ஆடித் தள்ளுபடி மாதிரி. விலையப் பாத்து எனக்கு மயக்கம். 2.99 யூரோவுக்கெல்லாம் பாட்டில் இருக்கு, அதாவது 280 ரூபா. எப்படிண்ணே கட்டுப்படியாகுதுன்னு கேட்டா, ஒயினுக்குன்னு இருக்கிற தனி வரி ஒரு பாட்டிலுக்கு மூணு சென்ட் கிட்ட தான் வருது, அது போக மத்த சாமானுக்குப் போடுற மாதிரி டிவிஏங்கிற வரி 20 சதவீதம், அவ்வளவு தான்னார். மூணு சென்ட்! நம்ம ஊரு கணக்க நான் அவருக்கு சொல்லல, அவமானமா இருந்துச்சு.

நான் போர்தோ ஊர் ஒயின் ஒண்ணு எடுத்தேன். 4.20 யூரோ. லேபிள்ல அழகா ஒரு கோட்டை படம், தங்கக் கலர்ல ஒரு மெடல், மேல "கிரான் வான்", அதாவது உசந்த ஒயின்னு எழுத்து, கீழ "பழைய கொடிகள்"னு வேற. 390 ரூபாய்க்கு இவ்வளவு மரியாதையான்னு சந்தோஷமா வந்து அண்ணி வச்ச கோழிக் குழம்போட திறந்தேன்.

பேனா மை. ஸ்கூல்ல இங்க் பேனா நிப்ப வாயில வச்சு ஊதுவோமே, அந்த ருசி.

அண்ணன் உடனே பெரியப்பாவுக்கு வீடியோ கால் போட்டுட்டார். அந்த மனுஷன் லேபிள கேமரா கிட்ட காட்டச் சொல்லி ஒவ்வொண்ணா உரிச்சார். "கிரான் வான்"னு போட்டிருந்தா ஒயின் உசந்ததுன்னு அர்த்தமில்ல. "பழைய கொடி"ன்னா எத்தன வருஷம்னு சட்டம் எதுவும் சொல்லல. ஷத்தோன்னு, அதாவது கோட்டைன்னு, பேரு போட்டா திராட்சை அந்தத் தோட்டத்தோடதா இருக்கணும், அது சரி, ஆனா அங்க கோட்டை இருக்கணும்னு அவசியமில்ல, தகரக் கொட்டாய் இருந்தாலும் ஷத்தோ தான். மெடலா? ஒரு போட்டிக்கு வர்ற ஒயின்ல மூணுல ஒரு பங்கு வரைக்கும் மெடல் குடுத்துக்கலாம்னு விதியே இருக்காம், போட்டியும் ஊருக்கு ஒண்ணு நடக்குதாம். அப்புறம் மூடியத் திருப்பச் சொன்னார். மேல சின்னதா ஒரு பொம்பள முகம், பக்கத்துல "N"னு ஒரு எழுத்து. அது வியாபாரி வாங்கி அடைச்சதுக்கு. தோட்டக்காரனே அடைச்சிருந்தா "R" எழுத்து இருக்கும். வியாபாரின்னாலே மோசம்னு இல்ல, ஆனா நாலு யூரோவுக்குள்ள வாங்குறப்போ அந்த எழுத்தப் பாத்துக்கோன்னார்.

மிச்சத்த அண்ணி மறுநாள் கறியில ஊத்திட்டாங்க.

செப்டம்பர் 21, சனி – மாகோன் பக்கம்

காலையில அஞ்சு மணிக்கே கிளம்பி தெற்கு நோக்கி 400 கிலோமீட்டர். வழி முழுக்க மழை. அண்ணி எலுமிச்சை சாதம், முட்டை, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய எலுமிச்சை ஊறுகாய் கட்டிக் குடுத்திருந்தாங்க. இந்த ஊறுகாய் பின்னாடி கதைக்கு வேணும், ஞாபகம் வச்சுக்கோங்க.

மாகோன் தாண்டினதும் சொலுத்ரேன்னு ஒரு பாறை, சமவெளியில இருந்து கப்பல் மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது, 493 மீட்டர். பழைய ஜனாதிபதி மித்தரான் வருஷா வருஷம் பெந்தெகொஸ்தே சமயத்துல இதுல ஏறுவாராம். நாங்க ஏறல, செருப்பு வழுக்குச்சு. பாறைக்குக் கீழ சுத்தி இருக்கிற நாலு ஊர்ல விளையிற வெள்ளை ஒயினுக்குப் பேரு பூயி-ஃபுய்ஸே. முழுக்க ஷார்தொனே திராட்சை. பேரு பெத்த ஊர். அதுலயும் 2020 அறுவடையில இருந்து 22 நிலத்துக்கு முதல் தரம்னு தனிப் பட்டம் வேற குடுத்துட்டாங்க, விலை இன்னும் ஏறிடுச்சு.

பெரியப்பா சொன்ன பக்கத்து ஊர் இங்க கண்ணு முன்னாடி இருக்கு. அதே பாறையச் சுத்தி, அதே ஷார்தொனே, அதே சுண்ணாம்பு மண்ணு, வேலி தாண்டினா சான்-வேரான்னு பேரு மாறுது. நாங்க போன தோட்டத்துல ரெண்டும் வச்சிருந்தாங்க. பூயி-ஃபுய்ஸே 27 யூரோ, சான்-வேரான் 13.50. இதுக்கும் கீழ மாகோன்-வில்லாஜ்னு ஒண்ணு, 9 யூரோ.

ருசி பாக்குற அறைக்குள்ள நுழைஞ்சதும் ஒரு சின்ன அசிங்கம். அந்தம்மா "போன்ஜூர்"னு சொல்லிட்டு கிளாஸ்ல ஊத்தி மோந்து பாத்தாங்க, நெத்தியச் சுருக்கினாங்க, பாட்டில மாத்தினாங்க, மறுபடி மோந்தாங்க. அப்புறம் என்னப் பாத்து ரொம்ப மரியாதையா ஏதோ கேட்டாங்க. அண்ணன் வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கிறார். "ஒயின்ல தேங்காய் வாசனை வருது, மேடம் கடற்கரைக்குப் போயிட்டு வர்றாங்களான்னு கேக்குறாங்க." காலையில தலைக்கு எண்ணெய் வச்சு இறுக்கிப் பின்னிட்டு வந்திருக்கேன்! ஒயின் ருசி பாக்கப் போறப்போ சென்ட்டு பூசக் கூடாதுன்னு படிச்சிருக்கேன், தேங்காயெண்ணெய் ஞாபகமே வரல. அந்தம்மா கதவ லேசா திறந்து வச்சுட்டு, எதுவும் நடக்காத மாதிரி தொடர்ந்தாங்க. அந்த நாகரிகத்துக்காகவே ஒரு சான்-வேரான் வாங்கினேன். ருசி பாத்ததுக்குக் காசு கேக்கல. கேக்காத இடத்துல ஒண்ணாவது வாங்கிட்டு வர்றது தான் முறைன்னு அண்ணன் சொன்னார்.

ராத்திரி ரூம்ல ஆட்டுப்பால் சீஸோட குடிச்சேன். பேரிக்காய் கடிச்ச மாதிரி, கடைசியில லேசா உப்பு. ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா இது 13.50 போச்சுன்னா சிவப்புக்கு 11.50 தான் மிச்சம். கணக்கு இடிக்குது.

செப்டம்பர் 22, ஞாயிறு – போஜோலே

இன்னைக்கு பட்டினி. முழுக்க முழுக்க என் தப்பு.

பிரான்ஸ்ல பன்னெண்டு மணிக்கு மணி அடிச்சா ஊரே கதவச் சாத்திடும்னு அண்ணன் காலையில இருந்து சொல்லிக்கிட்டே இருந்தார். நான் ஃப்ளூரியில மேட்டு மேல இருக்கிற சின்ன கோயில் பக்கம் நின்னு போட்டோ எடுத்துக்கிட்டே இருந்துட்டேன், கீழ இறங்குறப்போ 12:10. பேக்கரி மூடியாச்சு. ஓட்டல் ரெண்டும் ஃபுல்லு, ஞாயித்துக்கிழமைன்னா குடும்பம் குடும்பமா ரிசர்வ் பண்ணி மூணு மணி வரைக்கும் சாப்பிடுறாங்க. மழை வேற கொட்டுது. கார்ல உக்காந்து நேத்தைய எலுமிச்சை சாதத்துல மிச்சம் இருந்த ரெண்டு கைய அண்ணனும் நானும் பங்கு போட்டோம். ஸ்பூன் கிடையாது. ஜன்னல் வழியா ஒரு பாட்டி குடையோட நின்னு பாத்துட்டு "போன் அப்பெத்தி"ன்னு சொல்லிட்டுப் போச்சு.

ரெண்டரைக்கு மேல மோர்கோன் போனோம். இங்க எல்லாம் காமேன்னு ஒரே சிவப்புத் திராட்சை. இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1395ல புர்கோன் பிரபு ஃபிலிப், காமே செடி மோசமானது, விசுவாசமில்லாததுன்னு திட்டி, என் நாட்டுல ஒரு செடி இருக்கக் கூடாது, புடுங்குங்கடான்னு ஆணை போட்டார். கொஞ்சம் தெக்க தள்ளி இங்க கருங்கல் மண்ணுல அது நல்லா பொழச்சுக்கிச்சு. அப்புறம் இன்னொரு அவமானம், நவம்பர் மூணாவது வியாழக்கிழமை உலகம் பூரா விக்கிறாங்களே, அந்த வருஷமே பறிச்ச திராட்சையில அவசரமா செஞ்ச புது ஒயின், அதனால போஜோலேன்னாலே வாழைப்பழ வாசனை அடிக்கிற பச்சைத் தண்ணின்னு பேராகிப் போச்சு. ஆனா இங்க வடக்குப் பக்கம் பத்து ஊருக்குத் தனி அந்தஸ்து இருக்கு, லேபிள்ல போஜோலேன்னு கூட பெருசா போடாம ஊர் பேர மட்டும் தான் போடுவாங்க. மோர்கோன், ஃப்ளூரி, மூலான்-ஆ-வான், இப்படி. தங்கச்சி ஓடிப்போனா அக்காவுக்கும் வரன் அமையாதுங்கிற கதை தான். ஒயின்ல குறை இல்ல, பேர்ல தான் குறை, அதனால விலை ஏறவே மாட்டேங்குது.

தோட்டத்துக்காரர் அறுவடைக்கு நடுவுல டிராக்டர்ல இருந்து இறங்கி வந்தார். கையக் குலுக்க வந்தவர் சட்டுனு இழுத்துக்கிட்டு முழங்கையக் காட்டினார், ஏன்னா கை ரெண்டும் நாவப்பழம் தின்ன பையன் நாக்கு மாதிரி கருநீலம், நகக்கண்ணு வரைக்கும். முழங்கையத் தொட்டு வணக்கம் சொன்னேன். இந்த வருஷம் மழையால பூஞ்சை புடிச்சு நிறைய போச்சுன்னு சொன்னார், முகத்துல அழுகை எதுவும் இல்ல, சும்மா தோளத் தூக்கினார். குலை குலையா முழுசா தொட்டியில போட்டு மூடிடுவாங்களாம், நசுக்கவே மாட்டாங்க, திராட்சை உள்ளுக்குள்ளயே புளிச்சு வெடிக்குமாம். கிட்ட போய் காது வச்சேன். புட்டு வேகுற சத்தம்.

அவரோட 2022 மோர்கோன், 11.50 யூரோ. செர்ரி, கொஞ்சம் ஈர மண்ணு, தொண்டையில இறங்குறதே தெரியல. அறையே குளிரா இருந்ததால ஒயினும் லேசா ஜில்லுனு இருந்துச்சு, அப்படித்தான் குடிக்கணும்னார். மழையில அவ்வளவு வேலைய விட்டுட்டு வந்த மனுஷன் கிட்ட ஒரே ஒரு பாட்டில் வாங்க மனசு வரல, ரெண்டு வாங்கினேன்.

செப்டம்பர் 23, திங்கள் – லியோன்

பாதிக் கடை திங்கக்கிழமை லீவு. திறந்திருந்த ஒரு சின்ன சாப்பாட்டுக் கடையில, சிவப்புக் கட்டம் போட்ட மேசை விரிப்பு, பக்கத்து டேபிள்காரர் முழங்கை என் தட்டுக்குள்ள. மெனுவுல ஆந்துயெத்னு இருந்துச்சு. பேரு அழகா இருக்கேன்னு ஆர்டர் பண்ணிட்டேன். அண்ணன் தடுக்கல, பழிவாங்கிட்டார்.

பன்னிக் குடல குடலுக்குள்ளயே அடைச்ச சாசேஜ். கத்திய வச்சதும் வந்த வாசனைய பொதுவெளியில எழுத முடியாது. நான் போட்டி வறுவல் சாப்பிட்டு வளந்தவ, குடல் எனக்குப் புதுசு இல்ல, ஆனா நம்ம ஆளுங்க மஞ்சள் போட்டு, சுண்ணாம்பு போட்டு, நாலு தண்ணி அலசுறது எதுக்குன்னு அன்னைக்குத் தான் புரிஞ்சது. மூணு வாய். மிச்சத்த பக்கத்து டேபிள் பெரியவர் கண்ணாலயே கேட்டார், குடுத்துட்டேன், அவர் எனக்கு அவரோட உருளைக்கிழங்கத் தள்ளினார். ரெண்டு பேரும் பேசவே இல்ல.

அங்க ஒயின் வர்றது "போ"ங்கிற ஒரு பாட்டில்ல, அடி தடிமனா, 46 சென்டிலிட்டர். லேபிள் கிடையாது, வருஷம் கிடையாது. கடைக்காரர் எந்தத் தோட்டத்துல பீப்பாய்ல வாங்குறாரோ அது தான். 12 யூரோ. இந்தப் பயணத்துல நான் யோசிக்காம குடிச்ச ஒரே ஒயின் அது. நல்லா இருந்துச்சு.

செப்டம்பர் 24, செவ்வாய் – வேசோன்-லா-ரோமேன், கேரான்

ஒரே ராத்திரியில வேற நாடு. மழை இல்ல, வானம் நீலம், ஆனா மிஸ்த்ரால்னு ஒரு காத்து வடக்க இருந்து வருது பாருங்க, சந்தையில குடையெல்லாம் பறக்குது, என் துப்பட்டா ஒரு சீஸ் கடை மேல போய் விழுந்துச்சு, கடைக்காரர் அத மடிச்சு, சீஸ் சுத்துற பேப்பர்ல சுத்தி, நூல் கட்டித் திருப்பிக் குடுத்தார். செவ்வாய்க்கிழமை சந்தை இங்க ஊர் முழுக்க. கறுப்பு ஆலிவ், அத்திப்பழம், சுழலுற கம்பியில கோழி. அரைக் கோழி 7 யூரோ.

இங்க பேரு பெத்த ஊர் ஷத்தோநெஃப்-து-பாப், போப்பாண்டவரோட புதுக் கோட்டைன்னு அர்த்தம், பதினாலாம் நூற்றாண்டுல அவிஞ்ஞோன்ல இருந்த போப்புங்கள வச்சு வந்த பேரு. நாங்க பாத்த பாட்டில் எதுவும் 30 யூரோவுக்குக் கீழ இல்ல. அங்க இருந்து அரை மணி நேரம் வடக்க வந்தா கேரான், ராஸ்தோ. அதே கிரெனாஷ், சிரா திராட்சை, அதே உருண்டைக் கல்லு. ரெண்டும் கோத் து ரோன் வில்லாஜ்ங்கிற பொதுப் பட்டியல்ல இருந்து மேல வந்து தனிப் பேரு வாங்கினது இப்பத் தான், ராஸ்தோ சிவப்பு 2010ல, கேரான் 2016ல. பேரு வந்து விலை முழுசா ஏறாத நேரம், அதனால இப்பவே வாங்கிக்கோன்னு கூட்டுறவு கிடங்குல இருந்த பொண்ணு சொல்லுச்சு. விக்கிறவ அப்படித்தான் சொல்லுவா, ஆனா ருசி அவ பக்கம் தான் இருந்துச்சு. 12 யூரோ.

ருசி பாத்து துப்புறதுக்கு ஒரு வாளி வச்சிருக்காங்க. எல்லாரும் நூல் புடிச்ச மாதிரி துப்புறாங்க. நான் துப்பினது பாதி வாளியில, பாதி வெள்ளைக் குர்தாவுல. நம்ம ஊர்ல வெத்தலை போடுற பாட்டிங்க எவ்வளவு பெரிய கலைஞருங்கன்னு தோணுச்சு.

கிடங்குக்கு வெளியில ரெண்டு பெட்ரோல் பம்ப் மாதிரி குழாய். சந்தேகமே வேணாம், ஒயின் தான். ஒரு தாத்தா பழைய வெள்ளை பிளாஸ்டிக் கேன் ரெண்டு கொண்டு வந்து, ரேஷன் கடையில மண்ணெண்ணெய் புடிக்கிற மாதிரி நின்னு புடிச்சிட்டுப் போறார். லிட்டர் 2.60. நானும் ஒரு தண்ணி பாட்டில்ல புடிச்சேன், சுமாருக்கு மேல. அப்ப அதே தோட்டத்து ஒயின் பாட்டில்ல ஏன் இவ்வளவுன்னு அண்ணன் கேட்டதுக்கு அந்தப் பொண்ணு விரல் மடக்கிக் கணக்கு சொல்லுச்சு: கண்ணாடி, தக்கை, மூடி, லேபிள், அட்டைப்பெட்டி, இதுக்கே ஒரு யூரோவுக்கு மேல போயிடும், அப்புறம் லாரி, கடைக்காரன் லாபம், டிவிஏ. மூணு யூரோ பாட்டில்ல உள்ள இருக்கிறதுக்கு என்ன மிஞ்சும்? எட்டு யூரோ பாட்டில்லயும் கண்ணாடி விலை அதே தான், அதனால கூடக் குடுக்கிற காசு பெரும்பாலும் திராட்சைக்குப் போகுது. முப்பதுக்கு மேல போனா பேருக்குப் போகுதுன்னு சிரிச்சுது. என்னோட 4.20 கோட்டைய நெனச்சுக்கிட்டேன்.

ராத்திரி ரூம்ல அரைக் கோழி, கேரான், அப்புறம் நாக்கு செத்துப் போச்சேன்னு அண்ணியோட ஊறுகாய். இங்க தான் நடந்துச்சு. தனியா குடிச்சப்போ வெல்வெட் மாதிரி இருந்த ஒயின், ஊறுகாய் ஒரு நக்கு நக்கிட்டு ஒரு வாய் குடிச்சதும் நெருப்பு. கண்ணுல தண்ணி. லேபிளத் திருப்பிப் பாத்தா 14.5 சதவீதம். காரத்து மேல சாராயம் சுள்ளுனு ஏறுது. உடனே கார்ல இருந்து ஒரு மோர்கோன் எடுத்துட்டு வந்து, ஜன்னலுக்கு வெளியில காத்துல கால் மணி நேரம் வச்சு, அதே ஊறுகாய். 13 சதவீதம். பேசாம இறங்குச்சு, செர்ரி வாசனை கூட அப்படியே. பெரியம்மா வைக்கிற மட்டன் குழம்ப நெனச்சுப் பாத்தேன், எவ்வளவு மிளகாய் போடுவாங்கன்னு எனக்குத் தெரியும். சிவப்பு முடிவாயிடுச்சு. கேரான் பிரெஞ்சுக்காரங்களுக்கு.

வர்ற வழியில போம்-த-வெனீஸ்ல ஒரு அரை பாட்டில் மஸ்கா வாங்கினதையும் சொல்லிடுறேன், 6.90. இனிப்பு ஒயின், புளிச்சு முடியிறதுக்குள்ள சாராயம் சேத்து நிறுத்திடுறதால சர்க்கரை அப்படியே நிக்குது. எனக்காக வாங்கினது, பரீட்சையில சேராது.

செப்டம்பர் 25, புதன் – பூசீக், தோ கழி

கடலுக்கும் நிலத்துக்கும் நடுவுல பெரிய உப்பங்கழி, நம்ம பழவேற்காடு மாதிரி, தண்ணிக்கு மேல வரிசை வரிசையா கம்பி நட்டு அதுல ஆளிச் சிப்பி வளக்குறாங்க. கரையில தகரக் கூரை போட்ட கடை. டஜன் 10 யூரோ, ரொட்டியும் எலுமிச்சையும் சேத்து. உயிரோட இருக்குமாம். எலுமிச்சை புழிஞ்சதும் ஓரம் சுருங்குச்சு, நான் நாற்காலிய பின்னாடி தள்ளிட்டேன். கடைக்காரம்மா பக்கத்துல வந்து நின்னு, ஒரு சிப்பிய எடுத்து, சத்தமா உறிஞ்சிக் காட்டிட்டு, அடுத்தத என் கையில வச்சுட்டு, நான் முழுங்குற வரைக்கும் போகல. கண்ண மூடிக்கிட்டு முழுங்கினேன். கடல்ல குளிக்கும்போது அலை மூஞ்சில அடிச்சு வாய்க்குள்ள போகுமே, அதே தான், ஆனா நல்ல விதமா. மிச்சம் எல்லாத்தையும் நானே சாப்பிட்டேன், அண்ணன் பொரிச்ச கணவாய் வாங்கிக்கிட்டார்.

அதுக்கு அவங்க ஊத்தினது பிக்பூல் த பினே. கழிய ஒட்டி இருக்கிற மேட்டு நிலத்துல விளையிற வெள்ளை, உயரமான பச்சை பாட்டில். உதட்டக் குத்துறதுன்னு அந்தப் பேருக்கு அர்த்தம் சொல்றாங்க. 2013ல தான் தனி அந்தஸ்து வாங்கியிருக்கு. இதுல பேரிக்காய், வெண்ணெய் கதையெல்லாம் ஒண்ணும் கிடையாது, எலுமிச்சைச் சாறும் உப்புக் காத்தும் தான். சான்-வேரான் இத விட உசந்த ஒயின், அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா வறுத்த வஞ்சிரத்து மேல நாம என்ன புழியிறோம்? கூட்டுறவுக் கடையில 2023 பாட்டில் 6.80. இந்த மாதிரி வெள்ளைய எளசா குடிக்கணும், வச்சிருந்தா வீணாப் போகும்னு கடைக்காரரே சொன்னார்.

11.50, 6.80. மொத்தம் 18.30. மஸ்காவயும் சேத்தா 25.20. சும்மா கூட்டிப் பாத்தேன்.

செப்டம்பர் 26, 27 – பாரிஸ்

டோல் மிச்சம் பண்ணலாம்னு மில்லோ வழியா போற ரோட்டப் புடிச்சோம், பாலத்துக்கு மட்டும் காசு. தூண் உச்சி வரைக்கும் 343 மீட்டர் உயரம், கீழ மேகம் போகுது, அண்ணன் பாட்டு போட்டுட்டு ஓட்டுறார், நான் ஜெபம். பதினோரு மணி நேரம். முதுகு போச்சு.

மறுநாள் லா ஷாப்பெல்ல கொத்து ரொட்டி. பரிமாறின யாழ்ப்பாணத்து அண்ணா, "நல்லா களைச்சுப் போனீங்கள் போல, இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டோ?"ன்னு கேட்டதுல பாதிக் களைப்பு போச்சு. பாட்டில்கள அழுக்கு ஜீன்ஸ்ல சுத்தினேன். ஆந்துயெத்துக்கு அப்புறம் எனக்கு எதைப் பத்தியும் பயம் இல்ல, ஆனா சூட்கேஸ் பெல்ட்ல வர்ற வரைக்கும் கால் ஆடிக்கிட்டே இருந்துச்சு. உடையல.

செப்டம்பர் 29, ஞாயிறு – பாண்டிச்சேரி

பூசை முடிஞ்சு எல்லாரும் பெரியப்பா வீட்ல. பெரியம்மா வஞ்சிரம் வறுத்து, மட்டன் குழம்பு வச்சிருந்தாங்க. அம்மாவும் வந்திருந்தாங்க. பில்லு மூணையும் மேசை மேல வச்சேன், பெரியப்பா கண்ணாடி போட்டு ஒவ்வொண்ணாப் படிச்சார்.

பிக்பூல ஒரு வாய், மீன் ஒரு வாய், மறுபடி ஒரு வாய். "இது பக்கத்து ஊர் இல்லியே, இது தனி ஊராச்சே." திட்டுறாரா பாராட்டுறாரான்னு தெரியல, ஆனா கிளாஸ் காலி. மோர்கோன ஃப்ரிட்ஜ்ல கால் மணி நேரம் வச்சு எடுத்துக் குடுத்தேன். குழம்புல ரொட்டியத் தொட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கிளாஸ நீட்டினார். ஒரே கிளாஸ்க்காரர், அன்னைக்கு மூணாவது தடவ.

"பரவால்ல"ன்னார். சொல்தா வாயில இருந்து அதுக்கு மேல வராது.

இந்தக் கூத்துல மஸ்காவ நான் மறந்தே போயிட்டேன். திரும்பிப் பாத்தா அரை பாட்டில் காலி, பெரியம்மா முன்னாடி ஒரு எவர்சில்வர் டம்ளர், அம்மா முன்னாடி ஒரு எவர்சில்வர் டம்ளர். ரெண்டு பேரும் கேக்கு தொட்டுச் சாப்பிடுறாங்க.

"இந்த ஜூஸ் நல்லா இருக்குடி, திராட்சை வாசனை அப்படியே இருக்கு. அடுத்த தடவ இதையே ரெண்டு வாங்கிட்டு வா"ன்னாங்க அம்மா.

லேபிள்ல 15 சதவீதம்னு போட்டிருந்தத நான் சொல்லல.